கேட்டுவிட்டுச் செய்

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இன்று மதியம் அக்கா வந்தாள். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல், "என்னை நல்லா மாட்டிவிட்டுட்டாங்கடா" என்றாள். ஒரு மருந்துக் கிடங்கின் குளிர் அறை அவள் பொறுப்பில் இருக்கிறது. இன்சுலின் எல்லாம் அங்கேதான் இருக்கும். இருந்தது.

2
முதல் தொடக்கம்: "ஹப் என்ற அரக்கன் கிடங்குச் சுவரில் பச்சைக் கண்ணைச் சிமிட்டியபடி

எழுதியதை அடித்துவிட்டேன். கோபம் வந்தால் பொய் சொல்லலாமா? ஹப் என்கிற அந்த இணைப்புப் பெட்டி அருமையான பொருள். அதை விளக்காமல் என்னால் நகர முடியாது. கிடங்குக் கணினியில் இருக்கும் ஏஐ உதவியாளருக்குக் கை கிடையாது. மெயிலுக்கு ஓர் இணைப்பு, காலண்டருக்கு ஒன்று, குளிர் அறைக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஹப் நடுவில் வந்து உட்கார்ந்தது. இப்போது உதவியாளர் ஹப்பிடம் மட்டும் பேசும். மற்ற எல்லாவற்றிடமும் ஹப் பேசும். [இங்கே படம் வரைய ஆசை. கதைக்காரன் படம் போட்டால் அடிப்பீர்கள்.]

ஒவ்வொரு கருவிக்கும் ஹப்பில் ஒரு சுவிட்ச் உண்டு: 'கேட்டுவிட்டுச் செய்'. அது போட்டிருந்தால், எதையும் மாற்றும் முன் உதவியாளர் மனிதரிடம் "செய்யட்டுமா?" என்று கேட்கும்.

3
மேனேஜருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சட்டுபுட்டு. முதலாளிக்கு ஹப்பை இயக்கிக் காட்டிய அன்று உதவியாளர் ஓயாமல் "செய்யட்டுமா?" என்றது.

"என்னய்யா, ஒண்ணுக்குப் போக கை தூக்குற பிள்ளை மாதிரி எல்லாத்துக்கும் கேட்டுக்கிட்டு நிக்குது!" என்று முதலாளி சிரித்தார்.

சட்டுபுட்டு அங்கேயே எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்தார், குளிர் அறையுடையதையும் சேர்த்து. அக்காவிடம் யாரும் சொல்லவில்லை.

பிறகொரு காலை அவள் உதவியாளரிடம், "மெயிலெல்லாம் படிச்சு சுருக்கமா சொல்லு" என்றுவிட்டு, லாரியில் வந்த சரக்கை இறக்கப் போனாள். அந்த மெயில்களில் ஒன்று ஏசி மெக்கானிக் பக்கத்துக் கட்டடத்துக்கு எழுதி, தவறி இங்கே வந்தது: "பழுது பார்க்க வருகிறோம், குளிர் அறையை உடனே அணைக்கவும்." படிக்கக் கொடுத்ததை உதவியாளர் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஹப்பிடம் சொன்னது. ஹப் அணைத்தது. முறைப்படி அணைத்தால் எச்சரிக்கை மணி அடிக்காது. மருந்து முழுக்க வீண். அதன் பிறகுதான் அந்தச் சிரிப்பும் சுவிட்ச் கதையும் மற்ற ஊழியர்கள் சொல்லி அவளுக்குத் தெரிந்தன.

4
"உன் லாகின்லதானேம்மா நடந்திருக்கு?" என்றாராம் மேனேஜர்.

"படிக்கத்தான் சார் சொன்னேன். அணைக்கச் சொல்லலையே."

"தப்பு என்னுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. சட்டுபுட்டுன்னு முடிஞ்சிடும்."

எது முடியும்? அவள் வேலைதான். [இந்த ஆளுக்கு ஒரு நல்ல குணம் கொடுக்கப் பார்த்தேன். வீட்டில் அவர் மகளுக்கு... வேண்டாம். இன்று என்னால் முடியாது.]

5
நாளை விசாரணை.
முடிவு அ: அக்கா எழுதிக் கொடுக்கிறாள். வேலை போகிறது.
முடிவு ஆ: முதலாளி முகத்துக்கு நேரே, "அன்னிக்கு நீங்க சிரிச்சீங்களே சார்" என்கிறாள். அவர் முகம்

"என் கதையை எழுத என்னைக் கேட்டியாடா?"

அக்கா பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். "எழுதட்டுமாக்கா?" என்றேன்.

"எழுது. முடிவை மட்டும் தொடாதே. நாளைக்கு நான் போய்ப் பேசிட்டு வர்றேன்." கதவு வரை போய்த் திரும்பினாள். "கையெழுத்துப் போடமாட்டேன்னு மட்டும் போட்டுக்கோ."

போட்டுவிட்டேன். மிச்சம் அவளுடையது. அவளைக் கேட்காமல் நீங்களும் முடித்துவிடாதீர்கள்.