ஏணி வண்டியின் இடது பின்கால்

எங்கள் மன்றத்தில் பதினாறு பேர். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், எல்லோரும் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து வண்டி கட்டுகிறவர்கள். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். என் தங்கை ஃப்ராவுகேயே சிரிப்பாள். "வயசான குழந்தைங்க கூட்டம்" என்பாள், நான் செயலாளர் என்று தெரிந்தும்.

எங்களுக்கென்று சட்டங்கள் உண்டு. பசை கூடாது. அரம் கூடாது. எந்தக் கட்டையையும் வெட்டக் கூடாது. உடைந்தால் கட்டையின் மேல் பழி போடக் கூடாது, கட்டியவன்தான் தப்பு. பைபிளை மறந்தாலும் மறப்போம், இதை மறக்க மாட்டோம்.

நவம்பர் மாதத்துக் கடைசி வியாழக்கிழமை ஒரு சடங்கு நடக்கும். கட்டைத் தொழிற்சாலை அடுத்து கொண்டுவரப் போகும் வண்டிகளில் என்னென்ன வேண்டும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி, பழைய தேயிலை டப்பாவில் போட வேண்டும். தேநீரில் கற்கண்டு உடைகிற சத்தம் அடங்கியதும் நான் எடுத்துப் படிப்பேன். நிஜமான கியர் பெட்டி. திரும்பும்போது உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். பிஸ்டன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். "சாமி, ஸ்டிக்கர் மட்டும் வேண்டாம்" என்று வருடா வருடம் ஒரு சீட்டு வரும். அது என்னுடையது.

அந்த வருடம் ஒரு செய்தி கசிந்திருந்தது. தொழிற்சாலைக்காரர்கள் அடுத்ததாகத் தீயணைப்பு ஏணி வண்டி ஒன்றைப் பெரிய அளவில் கொண்டுவரப் போகிறார்களாம். எல்லாச் சீட்டிலும் அதுதான். பதினைந்து பேர் எழுதினோம், ஓன்னோ கட்டிக்கொண்டே வந்துவிட்டான்.

ஓன்னோ பால் டேங்கர் ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான். எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் ஏணி வண்டி வேறொரு ஊரிலிருந்து பழசாக வாங்கியது, நாற்பது வயது இருக்கும். ஆறு சனிக்கிழமை அதன் கீழே படுத்து, ஒவ்வொரு கம்பியையும் அளந்து, பதினேழில் ஒரு பங்காகக் கட்டியிருந்தான். நான்கு கிலோ எடை. கைப்பிடியைச் சுற்றினால் நான்கு கால்கள் பக்கவாட்டில் நீண்டு தரையில் ஊன்றும். இன்னொன்றைச் சுற்றினால் ஏணி எழுந்து, நீண்டு, திரும்பும். நுனியில் ஒரு கூடை.

ஆனால் எங்களை வாய்பிளக்க வைத்தது பூட்டுதான். ஏதாவது ஒரு கால் முழுதாக நீளவில்லை என்றால், ஏணி அந்தப் பக்கம் திரும்பும்போது 'டக்' என்று ஒரு பல் விழுந்து பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் நகராது. நிஜ வண்டியில் இருக்கிற அதே பூட்டு, அதே கம்பி, அதே இடம். இதைப் படம் பிடித்து, கடிதத்தோடு அனுப்பினால் தொழிற்சாலைக்காரர்கள் அசந்துபோவார்கள் என்று எனக்கு அப்போதே கை அரித்தது. கடிதத்தின் கீழே மன்றத்தின் பெயர், செயலாளர் வீப்கே என்று என் கையெழுத்து.

"இடது பின்பக்கம் திருப்பு" என்றேன்.

மேசை கீறக் கூடாது என்று ஓன்னோ கம்பளித் துணி ஒன்றை மடித்து விரித்திருந்தான். வண்டி அதன்மேல் நின்றது. ஏணி மெல்லத் திரும்பி, இடது பின்காலுக்கு நேரே வந்தது. டக் என்று எதுவும் கேட்கவில்லை. கால் துணிக்குள் அமுங்கியது. வலது சக்கரங்கள் மேலே வந்தன. நான்கு கிலோவும் என் தேநீர்க் கோப்பையின் மேல் சாய்ந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். "கட்டினவன்தான் தப்பு!" என்று யாரோ கத்தினார்கள். ஓன்னோ சிரிக்கவில்லை. நிமிர்த்தி வைத்து மறுபடி சுற்றினான். மறுபடி விழுந்தது.

"பூட்டு ஏன் பிடிக்கல?" என்றேன்.

"கால் நீண்டுருக்கான்னுதான் அதுக்குத் தெரியும், வீப்கே. கீழ தரை இருக்கான்னு தெரியாது."

"அப்ப நீ எங்கயோ தப்பா கட்டியிருக்க."

"இல்ல. அதுல எப்படியோ அப்படியேதான் கட்டியிருக்கேன்." அவன் குரல் தாழ்ந்தது. "அதான் யோசிக்கிறேன்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. படம் மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும், இவன் யோசிக்கிறானாம். அலமாரியிலிருந்து ஒரு சாம்பல் நிற அடித்தட்டை எடுத்து வந்தேன். எங்கள் கண்காட்சிகளில் எந்த மாடலும் வெறும் மேசையில் நிற்காது, அடித்தட்டின் குமிழ்களில் அமுக்கி உட்கார்த்துவோம். அது எங்களுக்குச் சாப்பாட்டுக்குத் தட்டு மாதிரி, யாரும் யோசிப்பதில்லை. நான்கு கால்களையும் நான்தான் அமுக்கினேன். நான்கு தடவை 'க்ளிக்'. அதற்குப் பிறகு அந்த வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் அசையவில்லை.

"பாத்தியா? வேலை முடிஞ்சுது."

"அது நிக்கல வீப்கே, நீ அதைப் பிடிச்சு வச்சிருக்க." ஓன்னோ கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னான், "நான் ஸ்டேஷனுக்குப் போய் ஹின்ரிக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்."

ஹின்ரிக்தான் அந்த ஏணி வண்டியை இயக்குகிறவர். ஏணிக் கூடையில் நிற்பவள் என் தங்கை.

"நீ போய் பொம்மை விழுந்துதுன்னு சொன்னா அவங்க வயிறு வலிக்கச் சிரிப்பாங்க. ஃப்ராவுகேகிட்ட நானே சொல்றேன்" என்றேன்.

நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம்தான், அது பொய். அடுத்த ஞாயிறு அவள் என் சமையலறையில் உட்கார்ந்து மூன்று கோப்பை தேநீர் குடித்தாள். முதல் கோப்பையில் சொல்ல நினைத்தேன். "என்னக்கா, குழந்தைங்க கூட்டம் எப்படிப் போகுது?" என்று அவள் ஆரம்பித்ததும் ரோஷம் வந்தது. எங்கள் மாடல் விழுந்த கதையை என் வாயாலேயே சொல்லி அவளுக்கு இன்னும் சிரிக்க இடம் கொடுப்பதா? படம் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மே மாதம் தீயணைப்பு நிலையத்தை ஊருக்குத் திறந்துவிடும் நாள். அன்று ஊரே வரும். எங்களுக்கும் வண்டிக் கொட்டகையில் கண்காட்சி வைக்க இடம் கொடுத்தார்கள். கொட்டகையின் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும், மேசை ஆடியது. முந்தின நாள் மாலை ஃப்ராவுகேயிடம் முட்டுக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏணி வண்டியோட பலகை நாலு இருக்கு, எடுத்துக்கோ. நாளைக்கு வண்டி கல்பாவின முற்றத்துலதான் நிக்கும், அதுக்கு வேணாம்" என்றாள். கால்களின் கீழே போடுகிற கனத்த கறுப்புப் பலகைகள். வண்டியின் பக்கப் பெட்டியிலிருந்து அவளே இரண்டிரண்டாகத் தூக்கி வந்தாள். மேசை ஆட்டம் நின்றது. மேசை விரிப்பைத் தரைவரை இழுத்துவிட்டேன், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று.

காலையில் ஹின்ரிக் எங்கள் மேசைக்கு வந்தார். ஓன்னோ வேலைக்குப் போயிருந்ததால் நானே இயக்கிக் காட்டினேன். ஒரு காலைப் பாதி இழுத்துவிட்டு ஏணியைத் திருப்பினேன். டக். அவர் குழந்தை மாதிரி கை தட்டினார்.

"அட, நம்ம கிழட்டு வண்டியோட பூட்டு அப்படியே இருக்கே! இன்னொரு தடவை செய்யும்மா."

செய்தேன். டக்.

"முப்பது வருஷமா இதை நம்பித்தான் குப்பை கொட்டுறேன். உள்ள என்ன நடக்குதுன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்." அவர் என் தோளைத் தட்டினார். அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு. துணியின் மேல் விழுந்ததைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் அமைந்திருக்காது. நான் வாயைத் திறக்கவில்லை.

பதினொரு மணிக்கு வறுத்த இறைச்சிக் கடைக்காரர் வந்து சேர்ந்தார். அவருடைய மின்கம்பி முற்றம் வரைதான் எட்டியது, அதனால் கடை முற்றத்தில் ஏறியது, ஏணி வண்டி கால்வாய் ஓரப் புல்வெளிக்கு இறங்கியது. கொட்டகைக்குள் இருந்த எனக்கு இது தெரியாது. மூன்று வாரமாக மழை இல்லை. மேலே புல் காய்ந்து, நிலம் கெட்டியாகத்தான் தெரியும். எங்கள் பக்கத்து நிலம் கடலிடமிருந்து பிடுங்கியது. ஒரு சாண் கீழே எப்போதும் ஈரக் களிமண்தான்.

மதியம் ஓன்னோ வேலை முடிந்து நேராக வந்தான். "வண்டி ஏன் புல்லுல நிக்குது?" என்பதுதான் அவன் முதல் பேச்சு. எனக்கு அவன் சொல்வது ஒரு கணம் புரியவில்லை. அவன் குனிந்து விரிப்பைத் தூக்கினான். மேசைக் கால்களின் கீழே நான்கு கறுப்புப் பலகைகள்.

"வீப்கே, அன்னைக்கு அவகிட்ட சொன்னியா?"

மேசையைத் தூக்கி ஒரு பலகையை உருவிக்கொண்டு ஓடினேன். பின்னால் மாடல்கள் சரிந்து உடையும் சத்தம் கேட்டது.

வெளியே வெயில். தலைகள் எல்லாம் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஏணி முழுதாக நீண்டிருந்தது, கூடையில் ஃப்ராவுகே மட்டும் நின்று எல்லோருக்கும் கையாட்டிக்கொண்டிருந்தாள். ஏணி கால்வாய்ப் பக்கமாக, இடது பின்காலை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. நான் தலையைத் தூக்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். இரும்புப் பாதம் காணவில்லை. புல் அதைச் சுற்றி வாய்போல மடிந்திருந்தது.

"ஹின்ரிக், நிறுத்துங்க! கால் இறங்குது!"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு விரலை உயர்த்தினார். கொஞ்சம் பொறு, பூட்டு பிடிக்கும் பார் என்கிற மாதிரி. அந்த விரல் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பலகை இல்லையே என்று ஒருத்தன் கேட்டதற்கு, "ஏதாவது கோளாறுன்னா பூட்டு விடாதுப்பா, காலையிலதான் வீப்கே சுத்திக் காட்டினா" என்று சொன்னாராம். விசாரணையில் அதைச் சொன்னபோதும் அவர் என்மேல் குறையாக எதுவும் சொல்லவில்லை.

டக் என்று எதுவும் கேட்கவில்லை. வலது சக்கரங்கள் மேலே வந்தன. மன்றத்து மேசையில் மாடல் சாய்ந்த அவ்வளவு மெதுவாகத்தான் இருந்தது, பிறகு அவ்வளவு வேகமாக. கூடை கால்வாய்க் கரையின் கல்லில் போய் மோதியது.

ஃப்ராவுகே பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று ஜூன் மாதம் மருத்துவர் சொன்னார். மறுநாள் என்னிடம், "சாயங்காலமெல்லாம் சும்மா கிடக்க முடியலக்கா. ஓன்னோவோட அந்த வண்டி பிழைச்சுதா? கொண்டு வரச் சொல்லேன்" என்றாள்.

ஓன்னோ உடைந்ததை எல்லாம் திரும்பக் கட்டி, ஒரு பெட்டியில் எடுத்து வந்தான். கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, "அடித்தட்டைக் கழட்டிட்டேன்" என்றான். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னான். அவளுக்கு மட்டும் வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்று காலைதான் தொழிற்சாலையிலிருந்து பதில் வந்திருந்தது. எங்கள் படத்தைப் பார்த்து மகிழ்ந்தார்களாம். பூட்டை மிகவும் ரசித்தார்களாம். கடிதம் என் பையிலேயே கிடந்தது.

ஃப்ராவுகே வண்டியை எடுத்துத் தன் தொடைகளின் மேல், போர்வையின் மேல் வைத்தாள். கால்களை நீட்டினாள். ஒரு காலைப் பாதியில் நிறுத்தித் திருப்பிப் பார்த்தாள். டக். லேசாகச் சிரித்தாள், நான்கு வாரத்தில் முதல் தடவையாக. பிறகு நான்கு கால்களையும் முழுதாக நீட்டி, ஏணியை உயர்த்தி, இடது பின்பக்கம் திருப்பினாள்.

நான் தடுத்திருக்கலாம். கை எழவில்லை.

கால் போர்வைக்குள் அமுங்கியது. வண்டி அவள் காலின் மேல் சரிந்து விழுந்தது. நான்கு கிலோ. விழுந்தது அவளுக்கு வலிக்கவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"அக்கா."

"சொல்லு."

"இது முன்னாடியும் இப்படி விழுந்துருக்கா?"

பொய் சொல்ல நினைத்தேன், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "ஆமா" என்றேன்.

"எப்ப?"

"நவம்பர்ல."

"நவம்பர்ல" என்று அவளும் சொன்னாள். மே வரைக்கும் எத்தனை மாதம் என்று அவள் விரல்கள் போர்வையின் மேல் தானாக மடிந்தன. அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். என்ன செய்தாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"எடுத்து நிறுத்து, இன்னொரு தடவை பாக்கணும்" என்றாள்.

நான் அதை எடுத்து அவள் காலின் மேல் நிறுத்தி, இடது பின்காலை முழுதாக நீட்டிவிட்டேன்.