சுபநேரத்தில் எடுக்கவிருந்த இரத்தம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், கர்ப்பிணித் தாய்மாரைத் தொற்றும் எச்.ஐ.வி. கிருமி மருந்துக்கு அடங்குமா, அடங்காதா என்று கண்காணிக்கும் மகத்தான திட்டம், எதிர்வரும் வியாழக்கிழமை சுபநேரத்தில், கொழும்பிலிருந்து எழுந்தருளும் பிரதம விருந்தினரின் திருக்கரங்களால், திருகோணமலைத் துறைமுகமே வியக்கும் வண்ணம் ஆரம்பித்து வைக்கப்படும்.

திட்டத்துக்குப் பதாகை இருந்தது. பாண்ட் வாத்தியம் இருந்தது. கர்ப்பிணிதான் ஒருத்தி மட்டும். கட்டைபறிச்சான் கிராமத்து நிரோஜினி, ஆறு மாதம், திங்கட்கிழமையே கிளினிக்குக்கு வந்துவிட்டாள்.

கிருமி இருப்பது தெரியவந்தது போன கிழமை. அழுகையெல்லாம் வீட்டிலேயே முடிந்திருந்தது. பிள்ளைக்குத் தொற்றாமலிருக்க மருந்துக் குளிசையை உடனே தொடங்கவேண்டும்; அதற்கு முன் இரத்தம் எடுக்கவேண்டும். வந்திருப்பது வேறு யாரோ ஒருவரின் உடம்பில் மருந்துக்குப் பழகிவிட்ட கிருமியா என்று அந்த இரத்தம் சொல்லும். தாதி ஸாலிஹா ஒருமுறை சொன்னதுமே நிரோஜினிக்கு விளங்கிவிட்டது.

பொறுப்பதிகாரி டொக்டர் ஆனந்தராசாவுக்கும் விளங்கும். ஆனால் அவருக்கு விழா இருந்தது.

"வியாழன் மட்டும் பொறுங்கோ பிள்ளை. முதல் இரத்தம் சுபநேரத்தில எடுக்கவேணும். உங்களை ஒருத்தரும் பாக்கமாட்டினம். திரைக்குப் பின்னால இருந்து கையை மட்டும் நீட்டினாக் காணும்."

"என்ர காப்பைக் கண்டாலே எங்கட ஊராக்கள் ஆளைச் சொல்லிப்போடுவினம், டொக்டர்."

"காப்பைக் கழட்டலாம்தானே."

"கழட்டலாம். வியாழன் மட்டும் சும்மா இரு எண்டு கிருமிக்கு ஆர் சொல்லுறது?"

ஸாலிஹாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த..." என்று டொக்டர் தொடங்கினார்.

நிரோஜினி சட்டைக் கையை மடித்து, கையை மேசையில் வைத்தாள். "ஓம் டொக்டர், உங்கட விழாவைக் குழப்ப நான் வரேல்ல. குளிசை போடாமல் இந்தக் கதிரையை விட்டு எழும்ப ஏலாது, அவ்வளவுதான். அண்டைக்குத் தூக்கிக் காட்ட வேற ஏதும் சிவப்பா வையுங்கோ."

டொக்டர் பதாகையைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார். கதிரை அசைவதாயில்லை.

"எடுங்கோ மிஸ்," என்றார் ஸாலிஹாவிடம், சுபநேரத்தைத் தானே கணித்துக் கொடுத்தவர் போல.

அன்று பின்னேரமே இரத்தம் ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் புறப்பட்டது. முதல் குளிசையை நிரோஜினி அந்தக் கதிரையிலேயே விழுங்கினாள்.

சில கிழமைகள் கழித்துப் பதில் வந்தது. போட்டுக்கொண்டிருந்த குளிசைக்கே கிருமி அடங்கும். கேட்டுவிட்டுத் திரும்பியவள் சுவரில் கண்ணாடி போட்ட படமொன்றைக் கண்டாள். கிருமியையே கழுத்தில் பிடித்துவிட்டவர் போல, பிரதம விருந்தினர் சிவப்புக் குழாயொன்றை உயர்த்திப் பிடித்திருந்தார். கீழே பொன்னெழுத்தில், 'வரலாற்றின் முதல் துளி.'

குழாயில் இருந்தது ரோஸ் சர்பத்.