முன்பு வந்த நோய்கள்

அந்தப் பயிற்சிக்குப் போகச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆரணியில் நான் வேலை செய்யும் நர்ஸிங் ஹோமில் மொத்தமே நான்கு ஸ்டாஃப் நர்ஸ்கள். அதில் ஒருத்தி கல்யாண லீவில் இருந்தாள். வைகாசி மாதம், வார்டு நிறைய ஆட்கள். இந்த நேரத்தில் வேலூருக்குப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து இரத்தப் புற்றுநோயைப் பற்றிக் கேட்டுவிட்டு வா என்கிறார் டாக்டர் சுபலட்சுமி. அவர்தான் அந்த நர்ஸிங் ஹோமை நடத்துகிறவர், பிரசவ டாக்டர்.

"நம்மகிட்ட வர்றதெல்லாம் பிரசவம் மேடம். பிளட் கேன்சருக்கு இங்க யாரு வரப் போறாங்க?" என்றேன்.

"கொணமானவங்க வருவாங்க லிடியா. அவங்களுக்கும் பிரசவம் ஆவும்ல? மொணகாம போய்ட்டு வா."

முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். காலையில் பேசியதெல்லாம் எங்களுக்குச் சம்பந்தமில்லாததாகத் தோன்றியது. சிகிச்சையில் இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, தட்டணுக்கள் குறைந்தவருக்கு இடுப்பில் ஊசி போடக் கூடாது என்றெல்லாம் சொன்னார்கள். பத்தொன்பது வருஷம் ஊசி போட்டவளுக்கு ஊசி போடக் கற்றுத்தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மதியம் தயிர்சாதம் சாப்பிட்டதும் கண் சொருகியது.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச வந்தவர் ஒல்லியான ஒரு டாக்டரம்மா. நோய் தீர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் அவர் பேச்சு.

"சின்ன வயசுல இந்த நோய் வந்து பொழச்ச பிள்ளைங்க இப்ப ஊர் ஊருக்கு இருக்காங்க. கல்யாணம் பண்ணிக்கிறாங்க. அவங்களுக்கு அப்ப சிவப்பா ஒரு மருந்து ஏத்தியிருப்போம். நோய அது கொல்லும். ஆனா சில பேருக்கு இதயத் தசையப் பலவீனமாக்கிடும். பதினஞ்சு வருஷம், இருபது வருஷம் ஒண்ணும் தெரியாது. அந்தப் பொண்ணு கர்ப்பமானா இதயம் ஒண்ணரை மடங்கு வேலை செய்யணும். அப்பதான் அது திணறும். படுத்தா மூச்சு முட்டுதுன்னு சொல்லுவா. ரெண்டு தலகாணி கேப்பா. ராத்திரியில இருமுவா. மாசமா இருந்தா இதெல்லாம் சகஜம்னு நாம திருப்பி அனுப்பிடுவோம்."

திரையில் ஒரு படம் வந்தது. வலது காறையெலும்புக்குக் கீழே இரண்டு விரல்கடை நீளத்தில் பழைய தழும்பு. மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் குழாய் வைத்து எடுத்த இடம் என்றார்.

அதே தழும்பை நான் திங்கட்கிழமைதான் பார்த்திருந்தேன். "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்மா" என்று சொல்லி அனுப்பியவளும் நான்தான்.

அவள் பெயர் பானுப்ரியா. இருபத்து மூன்று வயது, ஏழாவது மாதம். பிறந்த வீடு படவேடு. ஆரணியில் பட்டுப் புடவை வியாபாரம் செய்யும் கமலக்கண்ணனுக்குக் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் மாமியார் உண்ணாமலையோடுதான் வருவாள். அந்த அம்மாளை வாசலில் கண்டாலே எங்களுக்குச் சிரிப்பு வரும். பானுவைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்வார். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, குழந்தை அசைகிறதா, எல்லாவற்றுக்கும்! முதல் மாதம் அட்டை போட்டபோது, 'முன்பு வந்த நோய்கள்' என்ற கட்டத்துக்கு, "ஒரு நோய் நொடி கெடையாது சிஸ்டரம்மா, நல்லா விசாரிச்சிதான் கட்டிகினு வந்தோம்" என்றார். நான் 'இல்லை' என்று எழுதி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். வரிசையில் இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள்.

பயிற்சி புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பானுவை மாத்திரை வாங்க வரச் சொல்லி போன் செய்தேன். மாமியாரும் வந்தார். அவர் பின்னாலேயே வராத இடம் ஒன்றுதான் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனைக்கு டப்பாவைக் கையில் கொடுத்து, பானுவைக் கழிவறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"இந்தத் தழும்பு இன்னாம்மா?"

"சின்ன வயசுல கட்டி வந்து கீறினது" என்றாள், பாடம் ஒப்பிப்பதுபோல.

"செவப்பு மருந்து ஏத்துனாங்களா? ஏத்துனா ஒண்ணுக்குகூடச் செவப்பாப் போவுமே, அதுவா?"

அவள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, சொல்லிடாதீங்க. உங்க கால்ல வுழறேன்."

ஆறு வயதில் வந்த நோய். சென்னையில் இரண்டரை வருஷம் வைத்தியம். பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், அவளுடைய அப்பா வேடியப்பன் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து நெல் அவிக்கிற அடுப்பில் வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு இருக்கும் பெண்ணுக்கு வந்த நோயை அந்தப் பக்கத்தில் எல்லோரும் மறைக்கத்தான் செய்வார்கள். எந்த மருந்து, எவ்வளவு ஏற்றினார்கள் என்பதெல்லாம் அதோடு சாம்பல். புருஷனுக்கும் தெரியாது.

"இன்னிக்கே ஹார்ட்டுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கணும் பானு. வேலூர் போவணும்."

"ஏன் எதுக்குன்னு கேப்பாங்கக்கா. ஞாயித்துக்கெழம வளைகாப்பு. அது முடிஞ்சா எங்கப்பா என்னை படவேட்டுக்கு இட்டுகினு பூடுவாரு. திங்கக்கெழம காலீல அவருகூட நானே வேலூர் போறேன். ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு நாள்தானக்கா!"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வளைகாப்பு முடிந்த பெண் தாய்வீட்டுக்குப் போய்விட்டால் அங்கே மாமியார் கண் கிடையாது. நான்கு மாதமாக இருக்கும் மூச்சிரைப்பு இன்னும் இரண்டு நாள் தாங்காதா என்று கணக்குப் போட்டேன். டாக்டர் சுபலட்சுமி அன்று ஊரில் இல்லை. போன் செய்திருக்கலாம். செய்தால் அவர் உடனே அனுப்பு என்பார், மாமியார் ஏன் என்பார், இவள் வாழ்க்கை போய்விடும் என்று பயந்தேன். உப்பைக் குறை, மல்லாந்து படுக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பன்னிரண்டு மணிக்கு ட்யூட்டிக்குப் போனேன். வாசலில் இரண்டு கார்கள். உள்ளே பட்டுப் புடவைக் கூட்டம், சந்தன வாசனை. பானுவைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். கனமான ஜரிகைப் புடவை, இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்கள். உண்ணாமலை அம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து நாற்காலியில் உட்கார வைத்து ஊரே நலங்கு வைத்திருக்கிறது. கலவை சாதம், உப்பு ஏறிய அப்பளம், வடாம் என்று ஆளாளுக்கு ஊட்டியிருக்கிறார்கள். அப்படியே சாய்ந்துவிட்டாள்.

டாக்டர் சுதாகர் புதிதாகச் சேர்ந்த பிள்ளை. "வளைகாப்பு மயக்கம் சிஸ்டர். பிரஷர் கம்மியா இருக்கு. ரெண்டாவது பாட்டில் ஓடுது" என்றார்.

அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்தது. இருமினாள். வாயோரம் ரோஜா நிறத்தில் நுரை. நான் ஓடிப்போய் டிரிப்ஸை மூடி, அவளைத் தூக்கி உட்கார வைத்தேன்.

"இன்னா பண்றீங்க? எதுக்கு நிறுத்தறீங்க?" சுதாகர் மறுபடி திருகைத் திறந்தார்.

"தண்ணி ஏத்தாதீங்க டாக்டர். நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. ஹார்ட்டு தாங்காது. நீர் பிரிய லாசிக்ஸ் போடுங்க, ஆக்சிஜன் வைங்க."

"இந்தப் பிரஷருக்கு லாசிக்ஸா? ஹார்ட் பேஷண்ட்னு யாரு சொன்னா? கேஸ் ஷீட்ல ஒண்ணும் இல்லயே!"

"ஒண்ணும் கெடையாது டாக்டரு, எங்க பொண்ணு தங்கமா இருந்தா" என்றார் உண்ணாமலை.

பானு என்னைப் பார்த்தாள். பேச அவளிடம் மூச்சில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று.

"இவளுக்கு ஆறு வயசுல பிளட் கேன்சர் டாக்டர்! ரெண்டரை வருஷம் கீமோ ஏத்தியிருக்காங்க. அந்த மருந்து ஹார்ட்டக் கெடுத்திருக்கு" என்று கத்தினேன்.

சுதாகர் திருகை மூடிவிட்டார். அதற்குப் பிறகு மளமளவென்று வேலை நடந்தது. ஊசி போட்டோம், ஆக்சிஜன் வைத்தோம். உண்ணாமலையின் கையில் விசிறி நின்றுபோயிருந்தது. வாசற்படியில் கமலக்கண்ணன் நின்றான். அவன் பின்னால் பானுவின் அப்பா வேடியப்பன். புடவைக் கூட்டத்தில் யாரோ "அய்யய்யோ" என்றது மட்டும் எனக்குக் கேட்டது.

சுதாகரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போய்க் காதில் சொல்லியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. அந்த நேரத்தில் தோன்றவில்லை. இன்றைக்கும் பாத்திரம் தேய்க்கும்போது அது தோன்றும், கை நின்றுவிடும்.

வேலூரில் ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். இதயம் வேலை செய்ய வேண்டியதில் பாதிகூடச் செய்யவில்லை என்று எக்கோவில் தெரிந்தது. முப்பத்து மூன்றாவது வாரத்தில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண், ஒன்றே முக்கால் கிலோ. இரண்டு உயிரும் தப்பின. வாழ்நாள் முழுக்க மாத்திரை, இனி பிள்ளை கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

கமலக்கண்ணன் முதல் வாரம் வந்தான். அப்புறம் வரவில்லை. உண்ணாமலை அம்மாளை ஒருநாள் ஆரணி மார்க்கெட்டில் பார்த்தேன். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தும் அவரே கூப்பிட்டு நிறுத்தினார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா கட்டிகினு வந்திருக்க மாட்டேன் சிஸ்டரம்மா. அது நெசம்தான். ஆனா கட்டிகினு வந்தப்புறமாச்சும் சொல்லியிருந்தா சாகவுடுவேனா? என் கையால அவளுக்கு வடாம் ஊட்டினேனே. ஊரு முன்னாடி கேட்டதத்தான் எம் புள்ளயால தாங்க முடியல. எங்கிட்ட தனியா சொல்லியிருந்தா, நான் எப்டியாவது அவங்கிட்ட பேசி சரி பண்ணி வெச்சிருப்பேன்."

பேசி வைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அழுதார், அது பொய்யில்லை.

ஆறு மாதம் கழித்து அதே பயிற்சியை ஆரணியிலேயே நடத்த ஏற்பாடானது. சுற்றுவட்டார நர்ஸ்கள் வருகிறார்கள், பானு விஷயத்தை நீ பத்து நிமிஷம் பேசு என்றார் டாக்டர் சுபலட்சுமி. பெயர் சொல்லாவிட்டாலும் அந்தப் பெண்ணைக் கேட்காமல் பேச எனக்கு மனசில்லை. படவேட்டுக்கு பஸ் குறைவு. ஒன்றைத் தவறவிட்டு, அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்து போய்ச் சேர்ந்தேன்.

பானு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் மூச்சு சீராக இருந்தது. பழக்கதோஷத்தில் முதலில் அதைத்தான் பார்த்தேன். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"பேரையே சொல்லுங்க. இன்னும் மறைக்க இன்னா இருக்குது?" என்றாள்.

"என்மேல கோவமா பானு?"

"நீங்க கத்தலன்னா நான் செத்திருப்பேன். அது எனக்குத் தெரியும். கோவம் அதுக்கு இல்ல." குழந்தையின் காலைத் தடவினாள். "மொத மாசம் அட்டை போட்டீங்களே, அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கல. நோய் எதுனா வந்துச்சான்னு கேப்பீங்கன்னு தெரியும். அத்தைய வெளிய அனுப்பிட்டுக் கேப்பாங்க, கேட்டா சொல்லிடணும்னுதான் வந்தேன். நீங்க கேள்விய அத்தையப் பாத்துக் கேட்டீங்க. அவங்க சொன்னதும் எழுதிகினீங்க. நான் பக்கத்துலதானக்கா உக்காந்துகினு இருந்தேன்?"

வரிசையில் பதினேழு பேர் இருந்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், வெட்கமாக இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தேன். குழந்தையைத் தொடலாம் என்று கையை நீட்டினேன். அவள் தடுக்கவில்லை. அந்தப் பிஞ்சு விரல் என் விரலைப் பிடித்துக்கொண்டது. பானு அதைப் பார்த்தாள். பிறகு மரியாதை குறையாமல், கொஞ்சமும் குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அந்த டிரெய்னிங்ல இதச் சொல்லுங்கக்கா. ஆனா இனிமே இங்க வராதீங்க."