செவ்வாயும் வியாழனும்

மலர்வளையத்தின் நாடாவை வேறு யாரும் வாசிப்பதற்குள் பிறேமா அதைப் பின்பக்கமாக மடித்து ரோசாக்களுக்கு இடையில் செருகினாள். வெள்ளை நாடாவில் தங்க எழுத்து, ஜெர்மன் மொழி. 'மூர்த்திக்கு. செவ்வாய்களையும் வியாழன்களையும் மறக்க முடியாது.' அனுப்பியவர் பெயர் இல்லை. பூக்கடைக்காரன் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறக்க முடியாதாம். செத்த பிறகும் துணிச்சலைப் பார்.

மண்டபத்தின் நடுவில் பெட்டிக்குள் உருத்திரமூர்த்தி வேட்டி சால்வையோடு படுத்திருந்தார். ஐம்பத்தொன்பது வயது. போன ஞாயிறு காலை குளியலறையில் விழுந்தவர். அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐயர் தேவாரம் படித்துக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்குப் பெட்டியை மூடவேண்டும். வுப்பர்டால் சுடலையில் நேரம் குறித்துத் தந்த ரெர்மின் என்றால் ரெர்மின்தான், செத்தவருக்கும் அதில் சலுகை கிடையாது. சொந்தக்காரர் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருக்க, பெண்சாதிக்காரி பிறேமா மட்டும் இன்னும் பெட்டிக்குக் கிட்டப் போகவில்லை. துக்கம் தாங்கவில்லை என்று சனம் நினைத்தது. அவளுக்கோ, அந்த மனுசன் யாரோடு இருந்தவர் என்று தெரியாமல் அரிசி போடமாட்டேன் என்ற வைராக்கியம்.

பதினொரு மாதமாக அவள் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. செவ்வாயும் வியாழனும் பின்னேரம் பாண் தொழிற்சாலையில் மேலதிக வேலை என்பார். போவதற்கு முன் இரண்டாந்தரம் முகச்சவரம் வேறு. மாவு மூட்டைகளுக்கு முன்னால் நிற்க எதற்கு இத்தனை அலங்காரம்? ஒரு செவ்வாய் இரவு தொழிற்சாலைக்கே ஃபோன் எடுத்தாள். மூர்த்தி இரண்டு மணிக்கே போய்விட்டார், எப்போதும் அப்படித்தான் என்றார்கள். இன்னொரு நாள் நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போனவள் கதவடியில் நின்றுவிட்டாள். உள்ளே அவர் ஃபோனில் தணிந்த குரலில், ஜெர்மனில், யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். "தயவுசெய்து வா. நீ வராவிட்டால் எனக்கும் அங்கே இருக்க மனமில்லை." இருபத்தெட்டு வருசத்தில் அவளிடம் ஒருநாளும் அந்தக் குரலில் பேசியதில்லை. அன்று தோய்த்த உடுப்பை அவள் இரண்டு தரம் தோய்த்தாள்.

பதினொரு மணி கழிந்திருக்கும். வாசலில் சலசலப்புக் கேட்டுத் திரும்பினாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஜெர்மன்காரி, பக்கத்தில் கறுத்தச் சால்வையால் தலையை மூடிய எரித்திரியாப் பெண் ஒருத்தி, பின்னால் ஏழெட்டு இளவட்டங்கள். மூர்த்தியின் தமையன் ராசன் கையை விரித்து அவர்களை மறித்துக்கொண்டு நின்றார். இடம் மாறி வந்துவிட்டீர்கள், இது குடும்பத்தாருக்கு மட்டும் என்று ஜெர்மனில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. வெளியில் மார்கழிக் குளிர்.

இந்தாளுக்கு எல்லாம் தெரியும் என்று பிறேமாவுக்குப் பட்டது. தெரிந்துதான் மறைக்கிறார். எழும்பி வாசலுக்குப் போனாள்.

"அத்தான், உவை ஆர்?"

"ஆரோ வேலையாக்கள் போல. நீ போய் இரு பிறேமா. நான் பாத்து அனுப்பிவிடுறன்."

"வேலையாக்களெண்டா ஏன் மறிக்கிறியள்?"

ராசன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். அதற்குள் அந்த எரித்திரியாப் பெண் முன்னால் வந்து, "நீங்கள்தானே பிறேமா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வயது சொல்லலாம். வடிவான பிள்ளை. அழுதழுது கண் வீங்கியிருந்தது. அவள் வாயில் தன் பெயரைக் கேட்டதும் பிறேமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செவ்வாயும் வியாழனும் நீதானோ?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"நாங்கள் எல்லோரும்தான்" என்றாள் பெண்.

துஷானி ஓடிவந்து தாயின் தோளைப் பிடித்தாள். "அம்மா, ஆக்கள் பாக்கினம். உள்ள வாங்கோ." ஐயரின் பை, செருப்புகள் எல்லாம் கிடந்த பக்கத்து அறைக்குள் எல்லாரையும் தள்ளிக்கொண்டு போனாள். ராசனும் கூடவே வந்தார், வேண்டாவெறுப்பாக.

ஜெர்மன்காரி தன்னை அறிமுகப்படுத்தினாள். பேர்க்மன். மாலைப் பள்ளியில் ஆசிரியை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்கள் சான்றிதழ் எடுப்பதற்கான வகுப்பு அது; செவ்வாயும் வியாழனும் ஆறிலிருந்து ஒன்பது வரை. மூர்த்தி அதில் போன வருசத்திலிருந்து மாணவர்.

"என்ர மனுசன் பள்ளிக்கூடம் முடிச்சு ஏ.எல். பாஸ் பண்ணினவர்" என்றாள் பிறேமா, தமிழிலேயே. பிறகு அதை ஜெர்மனில் திருப்பிச் சொன்னாள்.

வாசலிலேயே இவரிடம் இதைச் சொன்னேனே என்று பேர்க்மன் ராசனைக் காட்டினாள். ராசன் ஐயரின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தான்?"

"எட்டாம் வகுப்பு" என்றார் ராசன். "அப்பு செத்த கையோட அவனைச் சைக்கிள் கடையில விட்டாச்சு. உன்ர கொப்பர் ஏ.எல். இல்லாட்டிப் பொம்பிளை தரமாட்டன் எண்டு நிண்டவர். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய்து வை எண்டு சொல்லுவினம். நான் ஒண்டுதானே சொன்னனான்."

முழுப் பூசணிக்காயை இருபத்தெட்டு வருசம் சோற்றில் மறைத்துவிட்டு, கணக்கு வேறு காட்டுகிறார். பிறேமாவுக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்கவேண்டும் போலிருந்தது.

"அப்ப அந்த ஃபோன்?" அவள் எரித்திரியாப் பெண் பக்கம் திரும்பினாள். "கெஞ்சிக் கெஞ்சிக் கதைச்சாரே, வா, வா எண்டு. அது ஆரோட?"

துஷானி மொழிபெயர்த்தாள்.

"என்னோடு" என்றாள் அந்தப் பெண். அவள் பெயர் செலாம். பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் மாசியில் படிப்பை விட்டவள். "பிறகு அவனோடு, இவளோடு. யார் வராவிட்டாலும் மூர்த்திதான் ஃபோன் எடுப்பார். மூன்று தரம் எடுப்பார்."

எங்கள் வகுப்பின் முறை அது என்று பேர்க்மன் விளக்கினாள். பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் போனால் இவர்கள் யாரும் உறையைக்கூடப் பிரிப்பதில்லை. வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் வருவார்கள். அந்த வேலையை மூர்த்தி தானே கேட்டு வாங்கினார். முந்தின வருசம் ஆறு பேர்தான் சோதனை வரைக்கும் நின்றார்கள். இந்த வருசம் பதினான்கு பேர்.

"முதல் நாள் ஏன் வந்தீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டேன்" என்றாள். "வீட்டில் சொன்ன ஒரு பொய்யை உண்மையாக்க என்றார். இந்தச் சான்றிதழ், அடுத்தது, அதற்கடுத்தது, அதன் பிறகு உங்கள் ஏ.எல்லுக்குச் சமமான அபிட்டூர். தனக்கு அறுபத்தாறு வயதாகும்போது முடியும் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். முடிந்த பிறகு உங்களிடம் சொல்வதாக இருந்தார்."

ஒரு பெடியன் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்தினான்.

பிறேமா ஐயரின் கதிரையில் இருந்துவிட்டாள். வேறு பெண் இல்லை. அந்த நெருப்பு அணைந்த இடத்தில் நிம்மதி வரவேண்டும், வரவில்லை. அதற்குப் பதிலாகப் போன வருசத்து ஆவணியில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. துஷானி ஒரு பெடியனை விரும்புவதாகச் சொன்ன இரவுச் சாப்பாடு. பள்ளிக்கூடம் முடிக்காதவன் என்று தெரிந்ததும், "படிக்காதவன் ஒருத்தனும் இந்த வீட்டுப் படியேறக் கூடாது" என்று இவள் மேசையில் அடித்துச் சொன்னாள். மூர்த்தி பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். மகளுக்காகக் கோபம் என்று நினைத்திருந்தாள்.

"வகுப்பு எப்போது தொடங்கியது?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"போன வருசம் செப்டெம்பரில்" என்றாள் பேர்க்மன். அந்தச் சாப்பாட்டுக்கு அடுத்த மாதம்.

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மண்டப ஊழியர் கதவைத் தட்டி, இன்னும் ஐந்து நிமிடம் என்றார்.

பிறேமா எழுந்தாள். "உவையை விடுங்கோ அத்தான். எல்லாரும் அரிசி போடட்டும்."

"சனம் கேட்டா என்னெண்டு சொல்லுறது?"

"கூடப் படிக்கிற பிள்ளையள் எண்டு சொல்லுங்கோ. சத்தமாச் சொல்லுங்கோ."

ராசன் சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார். மண்டபத்தில் ஒரு கணம் ஐயரும் படிப்பதை நிறுத்தினார். பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். எப்படிப் போடுவது என்று துஷானி ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொடுத்தாள். செலாம் போட்ட அரிசி பாதி கீழே கொட்டுண்டது.

கடைசியாகப் பிறேமா போனாள். அரிசியைப் போட்டுவிட்டு, நெஞ்சின் மேல் கோத்து வைத்திருந்த கைகளைத் தொட்டாள். வலது கையின் நடுவிரலில், நகத்துக்குப் பக்கத்தில், பேனை அழுந்தி அழுந்திச் சின்னதாக ஒரு காய்ப்பு இருந்தது. துஷானிக்குப் பத்தாம் வகுப்பில் இருந்த மாதிரி. பெட்டியின் மூடியோடு இரண்டு பேர் பின்னால் வந்து நின்றார்கள். அவள் பெருவிரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவர்களில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கையை இறக்கிக்கொண்டார்.