பூஜையில் வைத்த கரண்டி

“இது என்ன மாத்திர? யாரு குடுத்தது?”

ஆயுத பூஜையன்று காலையில், வாழைக்கன்று கட்டச் சணல் கயிறு தேடப்போன சரோஜம்மாள், மருமகளின் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு வந்து ஹாலின் நடுவில் நின்றாள். சணல் கயிறு கைப்பைக்குள் எப்படி இருக்கும் என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

மாதேஸ்வரி தேங்காய் துருவுவதை நிறுத்தாமல் சொன்னாள். “ஓசூர்ல டாக்டரம்மா குடுத்தது, அத்த. படபடப்புக்கு.”

“எந்த டாக்டரு?”

“மனநல டாக்டரு.”

“அய்யோ தேவரே, சாமீ! பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டரா? நல்ல நாளும் அதுவுமா இத நான் பாக்கணுமா?”

குளித்துவிட்டுத் துண்டோடு வந்தான் சுரேந்தர். மனைவிக்கு என்ன என்று அவன் கேட்கவில்லை. “சத்தம் போடாதம்மா, கீழ லேபருங்க நிக்கறாங்கோ” என்றான். பிறகு மாதேஸ்வரியின் பக்கம் திரும்பினான். “இது வெளிய தெரிஞ்சா என்னாவும்? பைத்தியம் நடத்தற கம்பெனின்னு ஆர்டர வேற எடத்துக்குக் குடுத்துடுவான். மானம் போயிடும்.”

உத்தனப்பள்ளி ரோட்டில் கீழே பட்டறையும் மேலே வீடுமாக இருக்கும் அந்தக் கம்பெனிக்குப் பெயர் சரோஜா எண்டர்பிரைசஸ். வண்டிக் கம்பெனிகளுக்கு ரப்பர் வாஷர் வெட்டிக் கொடுப்பது தொழில். பெயர்ப்பலகையில் மாமியார் இருக்கிறாள். விசிட்டிங் கார்டில் மேனேஜிங் டைரக்டர் என்று சுரேந்தர் இருக்கிறான். மாதேஸ்வரிக்கு இந்த இரண்டிலும் இடமில்லை. ஆனால் ஆர்டர் பிடிப்பது, ஆள் வைப்பது, சரக்கு திரும்பி வந்தால் திட்டு வாங்குவது, கரண்ட் ஆபீசில் போய் நிற்பது எல்லாம் கல்லாவியிலிருந்து வாக்கப்பட்டு வந்த அவள்தான். சுரேந்தர் டைரக்டராக இருந்தான். அது முழுநேர வேலை போலும்.

போன மாதம் ராயக்கோட்டை ரோட்டில் ஸ்கூட்டியில் போகும்போது அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கை நடுங்கி, கண் இருண்டு, வண்டியைக் கிடத்திவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சாகப்போகிறோம் என்றே நினைத்தாள். அப்போதும் போன் அடித்தது. அவள் எடுத்து, “சாயங்காலத்துக்குள்ள சரக்கு வந்துடும் சார்” என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள். இருதயத்தில் கோளாறு இல்லை என்று ஆகி, கடைசியில் அந்த டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தாள். வாரத்தில் ஒரு நாளாவது போனும் அடுப்பும் இல்லாமல் படுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு தடவை வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவீர்கள் என்றார் அவர். மாத்திரையைவிட அதுதான் முக்கியம் என்றும் சொல்லியிருந்தார். மெஷின் ஓடாத நாள் என்று பார்த்துத்தான் மாதேஸ்வரி இந்த நாளைத் தேர்ந்து வைத்திருந்தாள்.

“இன்னிக்கி ஒரு நாள் படுத்துக்கறேங்க. சுண்டலும் பொங்கலும் பண்ணிட்டேன். மத்தியானத்துக்கு ஓட்டல்ல சொல்லிக்கலாம்.”

“ராஜேஷ்குமார் சார் சாப்பிட வர்றாரு. பெரிய கம்பெனி பர்ச்சேஸ் மேனேஜருக்குக் கடச் சோறு போடுவியா? டென்ஷன் யாருக்கு இல்ல? எனக்கில்லயா?”

இருந்தது. போன வருஷம் அவனுக்கும் தூக்கம் வரவில்லை. உழைக்கிற ஆம்பிளை அலுத்துப்போனான் என்று வீடே பதறி, கேரளாவுக்கு எண்ணெய்க் குளியலுக்கு அனுப்பிவைத்தது. ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்பி வந்தான். அப்புறம் அந்தப் பெரிய கம்பெனி, தனக்குச் சரக்கு கொடுப்பவர்களுக்கெல்லாம் மன அழுத்தத்தைக் கையாள்வது பற்றி ஓட்டலில் ஒரு வகுப்பு நடத்தியது. அதற்கும் அவன்தான் போனான். பஃபே சாப்பிட்டு, துணிப்பையும் சான்றிதழும் வாங்கிவந்தான். ஆள் வராததால் அன்றைக்கு பிரஸ் மெஷினில் நின்றவள் மாதேஸ்வரி. சான்றிதழ் பிரேம் போட்டு ஆபீசில் தொங்குகிறது.

“நல்ல நாள்ல பொம்பள படுத்தா வூட்டுக்கு ஆவுமா?” என்று சரோஜம்மாள் தீர்ப்புச் சொன்னாள். மாத்திரை அட்டை குப்பைக்கூடைக்குப் போயிற்று. மாதேஸ்வரி அதை எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கீழே மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் பூசி, மாலை போட்டிருந்தார்கள். ஸ்பேனர், சுத்தியல், அளவுகோல் எல்லாம் வாழையிலையில் வரிசையாக இருந்தன. ஓர் ஆள் பிரஸ் மெஷினின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். சரோஜம்மாள் பதறிப்போனாள்.

“கைய எடுப்பா! வருசமெல்லாம் ஒழைக்குது பாவம். இன்னிக்கி ஒரு நாளாச்சும் ரெஸ்ட் எடுக்கட்டும்.”

சுண்டல் பாத்திரத்தோடு வந்த மாதேஸ்வரி படியிலேயே நின்றுவிட்டாள். இரும்பைப் பார்த்துப் பாவம் என்று சொன்ன வாய், அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவளைப் பார்த்து ஒரு தடவையும் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது. பாத்திரத்தை வைத்துவிட்டு மேலே போனாள். திரும்பி வந்தபோது தாம்பாளத்தில் சாம்பார்க் கரண்டி, வடைச் சட்டுவம், மிக்சி ஜார், கேஸ் லைட்டர், தன் போன் எல்லாம் இருந்தன. சுத்தியலுக்குப் பக்கத்தில் அவற்றை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நிதானமாகச் சந்தனம் இட்டுக் குங்குமம் வைத்தாள். மணியோசையிலும் சாம்பிராணிப் புகையிலும் யாரும் கவனிக்கவில்லை. சரோஜம்மாள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள்.

பூசணிக்காய் உடைந்தது. லேபர்கள் பொரியும் ஸ்வீட் பாக்ஸும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். “சீக்கிரம் வடையப் போடு, சார் வந்துடுவாரு” என்றான் சுரேந்தர்.

“கரண்டி, சட்டுவம், மிக்சி எல்லாம் பூஜையில இருக்குதுங்க.”

அவன் திரும்பிப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து கரண்டியை எடுக்கப் போனான். சரோஜம்மாள் அவன் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

“தொடாதடா! பூஜையில வெச்சத நாளைக்கி மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். சாமி குத்தம் ஆயிடும்.”

போன வருஷம் பூஜையிலிருந்து ஸ்பேனரை எடுத்த ஆளை வேலையை விட்டே அனுப்பியவள் அவள். மருமகள் மயங்கி விழுந்தால் வராத சாமி குத்தம் கரண்டியைத் தொட்டால் வரும் என்பது அவளுடைய பக்தி. மருமகளைத் திட்ட அவள் வாயைத் திறப்பதற்குள் மாதேஸ்வரி மேலே போய், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

மத்தியானம் ராஜேஷ்குமார் வந்தபோது ஓட்டல் பார்சல்கள் மேஜைமேல் இருந்தன. மதுரைப் பக்கத்து மனுஷர்.

“என்ன சார், மேடம் போன எடுக்கலையே? வர லேட்டாகும்னு சொல்லத்தேன் கூப்பிட்டேன்.”

கீழே பட்டறையில் குங்குமப் பொட்டோடு கிடந்த போன் காலையிலிருந்து அடித்து அடித்து ஓய்ந்திருந்தது. சுரேந்தர் கொஞ்சமும் கூசாமல் சிரித்தான்.

“நான்தான் சார் ரெஸ்ட் எடுக்கச் சொன்னேன். நம்ம கிளாஸ்ல சொன்னாங்களே, வெல்னஸ்! போனக்கூடப் பூஜையில வெச்சுடுன்னு சொல்லிட்டேன்.”

“பிரமாதம் சார். ஒங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எம்புட்டு நல்லாருக்கும்!”

“எம்புள்ள பொண்டாட்டியத் தாங்குவான்” என்றாள் சரோஜம்மாள், ஓட்டல் வடையை இலையில் வைத்தபடி.

அறைக்கதவு திறந்தது. தலைமுடி கலைந்து, கன்னத்தில் தலையணைத் தடத்தோடு மாதேஸ்வரி வந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு தூங்கி எழுந்த முகம்.

“வாங்க சார். ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இனிமேப்பட்டு ஞாயித்துக்கெழமையில நான் போன் எடுக்க மாட்டேன். டாக்டரம்மா சொல்லிக்கிறாங்கோ. மனநல டாக்டரு.”

சுரேந்தரின் கை சோற்றிலேயே நின்றது. சரோஜம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எதுனா அவசரம்னா இவரக் கூப்புடுங்க. எம்.டி. இவருதான்.”

கதவு மறுபடி சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

ஆர்டர் போயிற்று என்று சுரேந்தர் தலையைக் குனிந்துகொண்டான். ராஜேஷ்குமார் தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார். பிறகு இடது கையால் போனை எடுத்துத் திறந்தார்.

“செரி சார், ஒங்க நம்பரச் சொல்லுங்க” என்றார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து சரக்கு வாங்குகிற மனுஷரிடம் அது இருக்கவில்லை.