பன்னில் வந்த முடி

எங்கள் ரொட்டித் தொழிற்சாலையில் எனக்குச் ‘சிடுமூஞ்சி’ என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். பொட்டலம் கட்டும் பிரிவில் என்னோடு சேர்த்து ஆறு பெண்கள். பன்னில் ஒரு முடி வந்தால் மேற்பார்வை பார்க்கிற என்னைத்தானே மேனேஜர் பிடித்து உலுக்குவார்?

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வைரஸ் காய்ச்சல் எங்கள் பிரிவையே படுக்கப் போட்டது. எல்லோரும் தேறி எழுந்து வந்தோம். அதன் பிறகுதான் கூத்தே. என் தலையில் சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வந்தது.

“காய்ச்சலுக்கப்புறம் இப்படிக் கொட்டும்மா, திரும்ப வளந்துரும்” என்றார் டாக்டர்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. வலைத்தொப்பியை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் ஒரு கடைக்காரர் பன் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். உள்ளே முடி. மேனேஜர் சொன்னதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. எங்களில் சின்னவள், கைக்குழந்தைக்காரி, அவள் மேல் நேரே பாய்ந்தேன். உடை மாற்றும் அறையில் அவளுக்கு முடி கொட்டுவதைப் பார்த்திருந்தேனே!

“ஏம்மா, தலைய ஒழுங்காக் கட்டத் தெரியாதா? இன்னொரு முடி வந்துச்சு, வேலை போயிரும். சொல்லிட்டேன்!”

“என்னுதாத்தான் இருக்கும்க்கா. இந்த வேலைய மட்டும் எடுத்துராதீங்க” என்று அழுதாள்.

மறுநாள் தொப்பியைக் கழற்றிக் காட்டினாள். மொட்டை.

“இனிமே வராதுக்கா” என்று சிரிக்கப் பார்த்தாள். முடி கொட்டுவது அவளுக்கு மட்டுமா என்ன?

நேராக மேனேஜர் அறைக்குப் போய் அந்தப் பொட்டலத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்தேன். முடி வேரோரம் வெள்ளை, மீதி சாயக் கறுப்பு. எங்கள் ஆறு பேரில் நரைத்தவள் நான் ஒருத்திதான்.

மறைத்திருக்கலாம். பொட்டலத்தைக் குப்பையில் போட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்த நினைப்பும் வந்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் மேனேஜரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு, எல்லோரும் இருக்கும்போதே அவள் முன்னால் போய் நின்றேன்.

“அது என் முடிம்மா. உன்னுது இல்ல.”

அவள் கை மொட்டைத் தலையைத் தடவியது. முகம் சிவந்துவிட்டது.

“திட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்திருக்கலாமேக்கா” என்றாள்.