கிளவுடுக்குப் போன ஜிலேபி எழுத்து

கல்கத்தா கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி இருக்கிறது. அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டே இதைக் கேட்டாகிவிட்டது, முதலாளி சுபங்கர்தாவும் சிரித்து மழுப்பியாகிவிட்டது, ஆகவே நாம் வேறு கேட்பானேன். அங்கே ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள் மாதங்கி. தெற்குக் கல்கத்தாவில் நூற்றுப் பன்னிரண்டு கட்டிடங்களில் எந்த லிஃப்ட் எப்போது நின்றாலும் ஃபோன் அவள் காதுக்குத்தான் வரும். அவள் அதைக் கம்ப்யூட்டரில் புகாராகப் பதிந்து, எந்த மெக்கானிக் போக வேண்டும் என்று முடிவு செய்து, தாளை அச்சடித்து அவன் கையில் கொடுப்பாள்.

ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்திருந்தாள். விலாசம், எத்தனை மாடி, எந்த வருஷத்து லிஃப்ட், மோட்டார் அறைச் சாவி யாரிடம் என்பதெல்லாம் அதில் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். அன்றைய கோளாறை மட்டும் எழுதினால் போதும். இது ஊருக்கெல்லாம் தெரிந்த சமாசாரம். தெரியாத சமாசாரம் ஒன்று இருந்தது. அந்தப் பழைய மென்பொருளில் இரண்டு குறிகளுக்கு நடுவே எதை எழுதினாலும் பக்கத்தில் தெரியாது, அச்சிலும் வராது. டெம்ப்ளேட்டைத் திருத்தத் திறக்கிற ஆளுக்கு மட்டும்தான் தெரியும். திருத்துகிற ஆளோ மாதங்கி ஒருத்திதான். சும்மா இருப்பாளா?

ஜாதவ்பூர் டாக்டர் கட்டிடத்துக்கு அவள் எழுதியிருந்தது: ‘லிஃப்டில் சத்தம் என்பார். சத்தம் லிஃப்டில் இல்லை, மேல் வீட்டு மிக்ஸியில்.’ துணிக்கடைக்காரருக்கு: ‘எல்லாமே அவசரம். ஒரு மணியிலிருந்து மூன்று வரை தூங்குவார், அப்போது ஆளை அனுப்பு, நிம்மதி.’ எல்லாரும் வங்காளி வழக்கப்படி ‘தாதா’ (அண்ணன்) என்று கூப்பிடும் சுபங்கர்தாவின் சொந்தக் கட்டிடத்துக்குக்கூட ஒன்று இருந்தது: ‘நம்ம தாதா வீடு. எத்தனை சீக்கிரம் போனாலும் ஏன் நேற்றே வரவில்லை என்று கேட்பார்.’ எல்லாம் சுத்தமான தமிழில்.

தமிழில் எழுதியது அவள் குற்றமில்லை, வளர்ப்பு அப்படி. மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கிற குடும்பம் அது. அம்மா பாகீரதி ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டே, “இந்த மனுஷன் குளிச்சு எத்தனை நாளாச்சோ, கொஞ்சம் தள்ளி உக்காருடி” என்று உரக்கவே சொல்வாள். யாருக்குப் புரியப் போகிறது? அந்தக் குடும்பத்துக்குத் தமிழ் என்றால் கதவில்லாத அறையிலும் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. அம்மாவிடமிருந்து மாதங்கிக்கு அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஃபோனில் வங்காளியில் தேனாகப் பேசுவாள், வாடிக்கையாளர் மூச்சு விடுகிற இடைவெளியில் ரிசீவரைக் காதில் வைத்தபடியே, “ஆரம்பிச்சாச்சுடா சாமி” என்று முணுமுணுத்துக்கொள்வாள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுபங்கர்தாவுக்குக் கிளவுட் ஆசை வந்தது. பழைய சர்வர் அவர் மேஜைக்கு அடியில் இருந்தது. குளிர்காலத்தில் அதன் மேல் காலை வைத்துக் குளிர் காய்வார். இந்த மழைக்கு ஜன்னல் வழியாகத் தண்ணீர் வந்து அது இரண்டு தடவை படுத்துவிட்டது. “மாதங்கி, நாம கிளவுடுக்குப் போறோம், எல்லாம் இன்டர்நெட்லயே இருக்கும். இனிமே வாடிக்கையாளரே அவங்க ஃபோன்ல அவங்க கட்டிடத்துப் பக்கத்தைத் திறந்து புகார் எழுதலாம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி அவள் ஒன்பது வருஷமாகக் காத்திருந்த வார்த்தையையும் சொன்னார். “துர்கா பூஜோவுக்கு அப்புறம் சர்வீஸ் மேனேஜர் நாற்காலி உனக்குத்தான். ஒண்ணே ஒண்ணு. டாலிகஞ்ச் கோஷால் மேடம்கிட்டேர்ந்து ஒரு முணுமுணுப்பு வரக்கூடாது. பதினாலு லிஃப்ட், இந்த வாரம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும். அவங்க முகம் சுளிச்சாங்கன்னா, நாற்காலியை மறந்துடு.”

காகலி கோஷால் டாலிகஞ்சில் அந்தப் பதினாலு லிஃப்டும் இருக்கிற குடியிருப்புக் காலனியின் செயலாளர். கணவர் இல்லை, மகன் கனடாவில். வாரத்துக்கு ஒரு முறையாவது ஃபோன் செய்து லிஃப்ட் ஆடுகிறது, லிஃப்ட் முனகுகிறது, லிஃப்டுக்கு மனசு சரியில்லை என்று ஏதாவது சொல்வார். போய்ப் பார்த்தால் லிஃப்ட் ஜம்மென்று இருக்கும்.

சனிக்கிழமை மாதங்கி நூற்றுப் பன்னிரண்டு டெம்ப்ளேட்டுகளையும் பழைய சர்வரிலிருந்து இறக்கி, கிளவுடில் ஏற்றினாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. நாலைந்தைத் திறந்து பார்த்தாள், எல்லாம் இருந்தது, அவளுடைய தமிழ் வரிகள் உட்பட. அங்கேதான் கோட்டை விட்டாள். ஒன்பது வருஷமாக அந்த வரிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அவை இருக்கக் கூடாத இடத்தில் இருப்பது உறைக்கவே இல்லை. புது மென்பொருளுக்கு அந்த இரண்டு குறிகளும் வெறும் குறிகள், நடுவில் இருப்பது வெறும் எழுத்து. எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டியது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு கட்டிடங்களுக்கும் லிங்க் போய்விட்டது.

ஒன்பதரைக்கு சுபங்கர்தா அவள் மேஜைக்கு வந்து தன் ஃபோனை நீட்டினார். “மாதங்கி, என் வீட்டுப் பக்கத்துல கீழே ஜிலேபி ஜிலேபியா ஏதோ எழுதியிருக்கே, என்ன இது?”

பார்த்தாள். ‘நம்ம தாதா வீடு’ என்று ஆரம்பித்து முழு வரியும் அவர் கைக்குள் மின்னிக்கொண்டிருந்தது.

“அது... அது வந்து, மங்கள வாக்கியம் தாதா. எங்க ஊர்ல புதுசா எது ஆரம்பிச்சாலும் எழுதுவோம்.”

“ஆஹா! எல்லாக் கட்டிடத்துக்குமா?”

“எல்லாத்துக்கும்.”

“கீ ஷுந்தோர்! என்ன அழகு!” என்று பூரித்துப்போனார் மனிதர். “என் வீட்டுக்கு என்ன எழுதியிருக்கே?”

“சீக்கிரம் வரவேண்டியது சீக்கிரம் வந்து சேரட்டும்னு” என்றாள். அதில் பாதி உண்மை இருந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

“எடுத்துடாதே. பூஜோ நேரம், நல்லது நடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, இந்த மங்கள சமாசாரத்தை வாடிக்கையாளர்களுக்கு ஃபோனில் சொல்ல உட்கார்ந்தார். மாதங்கிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் காலத்து ஃபோனில் ஒரு பொத்தானை அமுக்கினால் எந்த மொழியையும் எந்த மொழிக்கும் மாற்றிவிடும். டாக்டர் அமுக்கலாம், துணிக்கடைக்காரர் அமுக்கலாம். அதைவிட மோசம், கோஷால் மேடம் அமுக்கலாம். அந்த அம்மாளின் கட்டிடத்துப் பக்கத்தில் தான் என்ன எழுதியிருந்தோம் என்று நினைத்தபோதுதான் மேனேஜர் நாற்காலி தன்னைவிட்டு நகர்வது நிஜமாகவே தெரிந்தது.

‘கோஷால் மாமி. லிஃப்ட் கெட்டிருக்காது. பாபியை அனுப்பு. டீ குடிக்கச் சொல்லு, பத்து நிமிஷமாவது உட்காரச் சொல்லு. பாவம், பேச ஆளில்லை.’

பாபி என்பவன் மெக்கானிக்குகளிலேயே அதிகம் வாயாடுகிறவன். மாதங்கி சொல்லித்தான் அவன் அங்கே டீ குடிப்பான். பதினாலு லிஃப்டை ஆட்டி வைக்கிற செயலாளரைப் பார்த்து ‘பாவம், பேச ஆளில்லை’ என்று எழுதினால் அவர் முகம் சுளிக்காமல் என்ன செய்வார்? மாதங்கி முதல் வேலையாக அந்த வரியை அழித்தாள். பிறகு மற்றவை. கிளவுடில் எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்க வழியில்லை. திற, திருத்து, அழி, சேமி, சின்னச் சக்கரம் சுற்றும் வரை காத்திரு. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பாபி கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஆடை படிந்தது. இரண்டே முக்காலுக்கு நூற்றுப் பன்னிரண்டாவது வரியையும் அழித்துவிட்டு, “அப்பாடா, பொழைச்சேன்” என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

மூன்று மணிக்குக் கிளவுடில் முதல் புகார் வந்தது. டாலிகஞ்ச். சுபங்கர்தா தன் அறையிலிருந்து ஓடியே வந்தார்.

“படிச்சியா? ‘காலையில் என் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. மதியம் காணவில்லை. உடனே திருப்பி வைக்கவும்.’ நான்தான் எடுக்காதேன்னு சொன்னேனே! அந்தம்மாவுக்கு மங்கள வாக்கியம்னு ஃபோன் பண்ணிச் சொன்னதே நான்தான். இப்போ அவங்க, எங்க காலனிக்கு மட்டும் மங்களம் வேண்டாமான்னு கோவிச்சுக்கிட்டா? போச்சு, எல்லாம் போச்சு. ஃபோன் பண்ணு. இப்பவே!”

மாதங்கி எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்தார்கள். வங்காளியில் வணக்கம் சொல்லி, மேடம், தொழில்நுட்பக் கோளாறு, என்று தொடங்கினாள். எதிர்ப்பக்கம் பேச்சில்லை. பழக்க தோஷம் யாரை விட்டது! ரிசீவரைக் காதில் வைத்தபடியே, “இன்னிக்கு என்ன திட்டப்போறாளோ கிழவி” என்று வாய் தானாக முணுமுணுத்துவிட்டது.

“கெய்வியா? நானா கெய்வி?” என்றது ஃபோன்.

சுபங்கர்தா எதிரே நின்று, என்ன சொல்கிறார் என்று கண்ணாலேயே கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“மொத தபா நீ என்னிய கெய்வின்னு சொன்னப்போ எனக்கு வயசு அம்பத்தாறு. தலைல ஒரு நரை கெடையாது, தெரியுமா?” என்றார் காகலி கோஷால். உச்சரிப்பில் வங்காளி வாசனை போகாத, ஆனாலும் அசல் பெரம்பூர்த் தமிழ். “எங்க வூட்டுக்காரரு ரயில்வேல இருந்தாரு. பெரம்பூர் குவார்ட்டர்ஸ்ல பதினோரு வருசம். பக்கத்து வூட்டு அமலாதான் எனக்குத் தமிளு கத்துக் குடுத்தா. பஸ் போர்டு படிப்பேன், வாரப் பத்திரிகை படிப்பேன். நீ எளுதினதப் படிக்க மாட்டனா?”

“மாமி...” என்றாள் மாதங்கி. ஒன்பது வருஷத்து முணுமுணுப்புகளும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. ஆரம்பிச்சாச்சுடா சாமி. இன்னிக்கும் பாட்டா. இந்த லிஃப்டுக்கு வாய் இருந்தா அழும். எல்லாவற்றையும் அந்த அம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வெட்கத்தில் காது சுட்டது. “மாமி, மன்னிச்சுடுங்கோ. தெரியாம... இத்தனை நாளா ஏன் சொல்லலை?”

“சொன்னா நீ நிறுத்திடுவியே.”

மாதங்கி ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

“அவரு போனப்பறம் இந்தக் காதுல தமிளு வுளுறதே நின்னு போச்சு. நான் யார்கிட்ட போய்ப் பேசறது? அப்பால ஒரு நாளு நெசமாவே லிஃப்ட் ரிப்பேரு. உனக்கு ஃபோன் பண்ணேன். நீ என்னியத் திட்டுன பாரு, தமிள்ல! எனக்கு அன்னிக்குப் பூராவும் சிரிப்பு. அதுக்கு அடுத்த வாரம் லிஃப்ட் நல்லாத்தான் இருந்துச்சு.” சற்று நிறுத்தினார். “பாபி தானாத்தான் டீ குடிக்கிறான்னு நெனச்சிருந்தேன். நீ சொல்லித்தானா?”

“ஆமாம் மாமி.”

“ம்.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அந்த வரிய ஏம்மா தூக்கினே? எனக்குன்னு ஒர்த்தி எளுதின வரி அது. திருப்பிப் போடு. காண்ட்ராக்ட்டு காயிதத்துல கையெளுத்துப் போட்டாச்சு, சாயங்காலம் பாபிய அனுப்பு. இன்னொண்ணு. மேனேஜரானா ஃபோனு எடுக்க மாட்டியாமே, உங்க தாதா சொன்னாரு?”

“உங்க ஃபோனை நான்தான் எடுப்பேன் மாமி.”

“முணுமுணுக்கணும். இனிமே மரியாதையா பேச ஆரம்பிச்சியோ, கம்ப்ளைண்ட் எளுதுவேன்.”

ஃபோனை வைத்ததும் சுபங்கர்தா பொறுமையிழந்து கேட்டார். “என்ன சொன்னாங்க? அழறியா? போச்சா?”

“கையெழுத்துப் போட்டாச்சாம் தாதா” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அந்த வரியைத் திருப்பி வைக்கச் சொல்றாங்க.”

“பார்த்தியா! மங்கள வாக்கியத்தோட மகிமை!” என்று சுபங்கர்தா மேஜையைத் தட்டினார். “நூத்துப் பன்னிரண்டுக்கும் திருப்பிப் போட்டுடு.”

“இவங்களுக்கு மட்டும் போதும்” என்றாள் மாதங்கி அவசரமாக.

டாலிகஞ்ச் டெம்ப்ளேட்டைத் திறந்து, நினைவிலிருந்து அந்த வரியை அப்படியே அடித்தாள். ‘லிஃப்ட் கெட்டிருக்காது’ வரை வந்து, ‘பாபியை அனுப்பு’ போட்டு, டீயையும் பத்து நிமிஷத்தையும் போட்டு, ‘பாவம், பேச ஆளில்லை’ என்ற இடத்தில் நின்றாள். அதை மட்டும் அழித்துவிட்டு, ‘நான் இருக்கேன்’ என்று அடித்தாள். சேமித்தாள். சக்கரம் சுற்றி நின்றது.

அடுத்த நிமிஷமே ஃபோன் அடித்தது. எண்ணைப் பார்த்தாள், டாலிகஞ்ச். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, வாடிக்கையாளருக்கு நன்றாகக் கேட்கும்படி, உரக்கவே முணுமுணுத்தாள்.

“ஆரம்பிச்சுட்டா கிழவி.”